சுரண்டப்பட்ட மூன்று டபிள்யூ

கல்முனை நீதிமன்ற வீதியில் சட்டத்தரணி தங்கேஸ்வரியிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் காணிச் சண்டையோடுதான் வருவார்கள். அன்று காலை வந்தவரின் பிரச்சினைக்கு வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை.

“மெடம், என்ட உம்மாட ஜனாஸாவ எனக்கு இல்லாம ஆக்கினவன் ஆரெண்டு தெரியணும்,” என்றார் அவர்.

பெயர் காலிதீன். பொத்துவிலில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தாய் ஆயிஷா உம்மா மருதமுனையில் மூத்த மகனோடு இருந்தார். பல மாதமாகப் படுக்கை. வயல் பங்கீட்டில் அண்ணனோடு வாய்த்தர்க்கம் முற்றி, சகோதரர் இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஆகவே காலிதீன் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுக் கைத்தொலைபேசியில் ‘கரைச்சங்கு’ இணையத்தளத்தைத் திறப்பார். சுற்றுவட்டார ஜனாஸா அறிவித்தல்கள், யார் இறந்தார், எப்போது அடக்கம் என்பதெல்லாம் முதலில் அதில்தான் வரும். அதில் உம்மாவின் பெயர் இல்லையென்றால், உம்மா இருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை தளம் திறக்கவில்லை. பொத்துவில் சிக்னலின் வழக்கமான சேட்டை என்று நினைத்துக்கொண்டு அவர் ரொட்டிக்கு மா குழைக்கப் போய்விட்டார். உம்மா அன்று விடியற்காலையில் மௌத்தாகியிருந்தார். பிற்பகல் அஸர் தொழுகையோடு நல்லடக்கமும் முடிந்தது. மறுநாள் ஹோட்டலுக்கு மீன் கொண்டுவந்த லொறிக்காரர் அனுதாபம் சொன்னபோதுதான் மகனுக்கே விஷயம் தெரிந்தது.

“அந்தத் தளத்துக்கு மொபி எண்டு முடியிற பேராம் மெடம். ஃபோனுக்கெண்டே உள்ள பேர். ஏதோ விதிய மீறிட்டாங்களெண்டு பேர் குடுத்தவங்களே பேரப் பறிச்சிட்டாங்களாம். ஆரோ புகார் குடுத்திரிக்கான்.”

“முன்னால மூண்டு டபிள்யூ அடிக்காம வெறும் பேர அடிச்சாலும் திறக்கணும். அதுதான் விதி,” என்றான் பக்கத்து மேசையில் இருந்த றிபாஸ்.

றிபாஸ் தங்கேஸ்வரியின் எழுதுவினைஞன். முப்பது வயது. துப்புத் துலக்குகிற வேலை என்றால் சம்பளத்தையும் மறந்து முன்னால் நிற்பான். தங்கேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை; தன் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் புகாரை எழுதியவன் றிபாஸ்தான்.

அவன் தங்கை றுமானாவின் கணவனைப் பொலிஸார் ஒருமுறை பிடித்துவிட்டு விடுதலை செய்திருந்தார்கள். பிடித்தது கரைச்சங்கில் படத்தோடு வந்தது, விட்டது வரவேயில்லை. றுமானா வெளியில் இறங்குவதையே நிறுத்திவிட்டாள். படத்தை எடுத்துவிடும்படி றிபாஸ் கெஞ்சியபோது, தளத்தை நடத்துகிற ஸிராஜ் சிரித்தான். அலுவலகத்தில் கடைக்காரர்களுக்கு இணையப் பெயர் பதிந்துகொடுக்கிற வேலையும் றிபாஸ் செய்வதால் விதிகள் அவனுக்கு மனப்பாடம். கரைச்சங்கு எங்கே வழுக்கியிருக்கிறது என்று பார்த்தான், புகார் அனுப்பினான். திருத்தச் சொல்லி எச்சரிப்பார்கள், ஆள் கொஞ்சம் அலையட்டும் என்பதுதான் அவன் எண்ணம். நடுவில் ஒரு மௌத்து வரும் என்று அவன் நினைக்கவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது?

அதைவிடப் பெரிய வேதனை ஒன்றும் இருந்தது. றிபாஸும் மருதமுனைக்காரன். ஆயிஷா உம்மாவின் உடலிருந்த சந்தூக்கை அடக்கம் செய்ய மையவாடிக்குச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

பிற்பகல் தங்கேஸ்வரியும் றிபாஸும் ஸிராஜின் கடைக்குப் போனார்கள். கல்முனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை. வாசலில் தகரப் பெயர்ப்பலகை. தளத்தின் பெயர் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. இடப்பக்கம் வெறுமையாக, பிளேடால் சுரண்டிய கீறல்கள். அந்த வெறுமையில் பாதியை மறைத்து யாரோ உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிச் சுவரொட்டி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். தங்கேஸ்வரி அதன் கிழிந்த ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, பழையபடி அழுத்தி ஒட்டினார்.

“என்ன மெடம்?”

“ஒண்டுமில்ல. ஆர் வெண்டது எண்டு பாத்தன்.”

ஸிராஜ் உள்ளே கூப்பிட்டு நெக்டோ சோடா உடைத்துக் கொடுத்தான். “எல்லாம் றிஸ்கான்ட வேல மெடம். முந்தித் தளத்தச் செஞ்சு தந்தவன். ஆக்களுக்கு முன்னால ரெண்டு வார்த்த ஏசினன் எண்டு கோவிச்சிட்டுப் போனவன். எச்சரிக்கக் கடிதம் வந்திருந்தா அவன்ட மின்னஞ்சலுக்குத்தான் வந்திரிக்கும். அமுக்கிட்டான்.”

“நீங்க இந்த விதியப் பற்றி முதல்முதலாக் கேள்விப்பட்டது எப்ப?”

“ஜனாஸாக்கு அடுத்த நாள்தான். அதுவரைக்கும் விதியெண்டு ஒண்டு இரிக்கிறதே எனக்குத் தெரியா.”

றிபாஸின் மனம் சட்டென்று லேசாகியது. றிஸ்கான் எச்சரிக்கையை அமுக்கியிருந்தால் குற்றம் றிஸ்கானுடையது. அடுத்த கணமே, முன்பின் பழகாத ஒருவன் தலையில் பழியைக் கட்ட இவ்வளவு ஆசையா என்று அவனுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

மறுநாள் தங்கேஸ்வரி எல்லாரையும் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார். காலிதீன் ஜன்னலோரம். ஸிராஜும் றிஸ்கானும் ஒருவரையொருவர் பார்க்காமல் அறையின் இரண்டு மூலையில். றிஸ்கான் பாண்டிருப்பில் கணினி திருத்துகிறவன். மெலிந்த, அதிகம் கதைக்காத ஆள்.

“இந்தப் பேருக்கு மூண்டு விதி,” என்று தங்கேஸ்வரி ஆரம்பித்தார். “முகப்பு சின்னத் திரைக்கெண்டே செய்யப்பட்டிருக்க வேணும். பக்கத்தக் கட்டம் கட்டமா வெட்டிச் சட்டகம் போடக் கூடாது. மூண்டு டபிள்யூ இல்லாம வெறும் பேருக்கும் தளம் திறக்க வேணும். மீறினா எச்சரிக்க வரும், தவணையும் தருவாங்க. திருத்தினா ஒண்டும் இல்ல. ஆகவே புகார் குடுத்தவரால மட்டும் பேர் போகல்ல. எச்சரிக்க ஆர் கையில கிடந்து செத்தது? றிஸ்கான் தம்பி, மின்னஞ்சல் உங்களிட்டயா?”

“இல்ல மெடம். விலகின அண்டைக்கே கடவுச்சொல்லக் குடுத்திட்டன்.”

“பொய்!” என்றான் ஸிராஜ்.

“அப்பிடியெண்டா ஸிராஜ் தம்பி, பலகையில இருந்த மூண்டு டபிள்யூவையும் ஏன் சுரண்டினீங்க?”

“பேர் போனதுக்குப் பிறகு... கோவத்தில.”

“கோவத்தில சுரண்டுறவர் முழுப் பேரையும் சுரண்டுவார். நீங்க அளவா முன்துண்ட மட்டும் எடுத்திருக்கிறீங்க. சுவரொட்டிக்குக் கீழயும் அந்தக் கீறல் போகுது. அந்தப் போட்டி போன மாசமே முடிஞ்சு, வெண்ட கழகம் கிண்ணத்தயும் கொண்டு போயிட்டு. ஆயிஷா உம்மா மௌத்தானது இந்த மாசம். சுவரொட்டி ஒட்ட முந்தியே நீங்க சுரண்டிட்டீங்க. எச்சரிக்கய வாசிச்சது நீங்கதான்.”

ஸிராஜ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். “மூண்டு டபிள்யூ இல்லாம இரிக்கணும் எண்டு கிடந்திச்சு மெடம். எழுத்த எடுத்தாச் சரியெண்டு நினைச்சன். பலகையில எடுத்தன், ஓட்டோ ஸ்டிக்கர்லயும் எடுத்தன். திருத்தியாச்சு எண்டு பதிலும் போட்டன்.”

பலகையைச் சுரண்டித் தளத்தைத் திருத்திய மனிதன்! வேறொரு நாளில் அறை முழுக்கச் சிரித்திருக்கும். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“எனக்கு ஒரு கோல் எடுத்திருந்தா ரெண்டு நிமிச வேல,” என்றான் றிஸ்கான் மெல்ல. “நான் ஃபோன எடுக்காம உடுறவனா?”

“உனக்கு எடுக்க எனக்கு வெக்கமா இருந்திச்சுடா,” என்றான் ஸிராஜ்.

காலிதீன் எழுந்தார். “சரி. இவர் மடையன். புகார் குடுத்தவன் ஆரு? அவனைச் சொல்லுங்க.”

“அத நான் சொல்லக் கூடாது,” என்றார் தங்கேஸ்வரி. அவர் இப்போதும் றிபாஸைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு முயல்கிறார் என்பது றிபாஸுக்கு விளங்கியது. அவருக்குத் தெரியும், காலிதீன் வந்த முதல் நாளே தெரிந்திருக்கிறது. மூன்று விதி இருக்க, மீறப்பட்ட அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்ன வாய் அவனுடையது.

“நான்தான்,” என்றான் றிபாஸ்.

றுமானாவைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல அது சாக்குப்போக்கு மாதிரியே கேட்டது. பாதியில் நிறுத்தினான். “உங்கட உம்மாட சந்தூக்குக்குத் தோள் குடுத்தன் காக்கா. அது உங்கட இடம். எனக்கு நித்திர இல்ல.”

காலிதீன் கையை ஓங்கினார். றிபாஸ் விலகவில்லை. கை அப்படியே நின்று, பிறகு கதிரையின் முதுகைப் பிடித்தது.

“உங்கட அண்ணன் ஏன் உங்களுக்கு அறிவிக்கல்ல?” என்று தங்கேஸ்வரி தணிந்த குரலில் கேட்டார்.

“லொறிக்காரர் விசாரிச்சாராம். கரைச்சங்குக்குச் சொல்லியாச்சு, பாத்து வருவான் எண்டாராம். பேர் போனது அவருக்கும் தெரியாதாம்.” காலிதீன் உட்கார்ந்தார். “என்ட ஃபோன்ல வீட்டு நம்பர் கிடந்திச்சு மெடம். எடுத்தாக் காக்காட குரலக் கேக்கணும். அதுக்குப் பயந்துதான் தினமும் மையித்துப் பேர்களுக்குள்ள என்ட உம்மாவத் தேடினன். நீங்க தேடிப் பிடிக்க வேண்டிய ஆள் நான்தான்.”

பிறகு காலிதீன் றிபாஸிடம் திரும்பினார்.

“அடக்கம் செய்யக்குள்ள நீ நிண்ட. கபுறு எதெண்டு தெரியுமா? நான் இன்னும் போகல்ல. புதுக் கபுறு நாலஞ்சு கிடக்காம். வா, காட்டு.”

இதைவிடச் சுலபமாக ஒரு பாவம் கழியாது. றிபாஸின் கால்கள் எழவும் செய்தன. ஆனால் அவன் வாசலுக்குப் போகவில்லை.

“தெரியும். ஆனா நான் காட்ட மாட்டன் காக்கா. ஒருக்கா உங்கட இடத்தில நிண்டது போதும். இப்ப உங்கட காக்காட இடத்திலயும் நிக்க ஏலா. அவருக்கு எடுங்க.”

காலிதீன் அவனை முறைத்தார். பிறகு ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி நெடுநேரம் அடித்தது.

“ஆரு?” என்றது மறுமுனை.

காலிதீனால் கதைக்க முடியவில்லை. மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“காலிதீனா?” அந்தக் குரலும் உடைந்தது. “எங்கடா நிக்காய்? உம்மா கடசி வரைக்கும் உன்னத்தான் கேட்டா. நான்தான் எடுக்கல்ல. நான்தான் உனக்கு எடுக்கல்லடா.”

தங்கேஸ்வரி எழுந்து கண்ணால் சைகை காட்ட, மற்றவர்கள் மூவரும் அவர் பின்னால் வெளியே வந்தார்கள். வீதியில் வெயில் கொளுத்தியது. ஸிராஜ் றிபாஸின் பக்கம் திரும்பாமலே, “தங்கச்சிர மாப்பிள்ளட படத்த இண்டைக்கே எடுக்கன்,” என்றான். தளமே இல்லாத இடத்தில் எதை எடுப்பது என்று றிபாஸ் கேட்கவில்லை. உள்ளே ஒரு வளர்ந்த மனிதர் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை அவன் படியிலேயே நின்றான்.