எட்டுக் கட்டிலுக்கும் இருபது

காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரெமெடியோஸ் கிழவி கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். இஞ்சி போட்ட சூடான கஞ்சி, கீழே அட்டையை விரித்து உட்கார்ந்திருந்த மருமகள் லிகாயாவின் மடியில் சொட்டியது.

"கைய எடுடி! விடிஞ்சும் விடியாம என் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டு... பாசம் பொங்குதாக்கும்!"

"நாடி பாத்தேன் அத்தை."

"நாடி பாக்குறவ... எதுக்குடி என் நெஞ்சையே மொறைக்கிற? எனக்குத் தெரியும்! எப்ப நிக்கும்னு... மூச்ச எண்ணுற!"

பக்கத்துக் கட்டிலுக்குக் காவலிருந்தவள் ரொட்டியை மெல்லுவதை மறந்து வாயைப் பிளந்தாள்.

லிகாயா மடியைத் துடைத்துக்கொண்டாள். மூச்சைத்தான் எண்ணினாள், வாஸ்தவம். எண்ணுகிறோம் என்று தெரிந்துவிட்டால் எந்த நோயாளியின் மூச்சும் வேஷம் கட்டிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு எழுந்து தாழ்வதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், செபு நகரத்தில் நர்ஸ் படித்தபோது கற்றது அது. நேற்று மாலை இருபத்திரண்டு இருந்தது. இப்போது முப்பத்திரண்டு. சும்மா படுத்திருப்பவளுக்கு அது ரொம்ப அதிகம். மீன் சந்தையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆன உடம்பு அது.

நாத்தனார் ரொவேனா வெள்ளைச் சீருடையில் வந்தாள். அந்த வார்டுக்கு அவள்தான் நர்ஸ். வார்டில் எட்டுக் கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் ரத்த அழுத்தம் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள். கட்டிலில் தொங்கிய தாளில், மூச்சுக்கு உரிய கட்டத்தில் மட்டும், யாரையும் பார்க்காமலே எழுதினாள். இருபது. அடுத்த கட்டிலுக்கும் இருபது. எட்டுப் பேர் கூடி ஒரு பாட்டைப் பாடினாலும் அப்படி ஒத்துப்போகாது. தாளில் எழுதியதை நம்பும் உலகம் இது, என்ன செய்ய!

"ரொவேனா, அத்தைக்கு முப்பத்திரண்டும்மா. நான் எண்ணினேன்."

"படிப்பு வரலேன்னு பாதியில ஓடிவந்தவ நீ. எனக்குப் பாடம் எடுக்குறியா அண்ணி?"

சொன்ன வேகத்தில் ரொவேனாவின் கண் ஒரு கணம் தாழ்ந்தது. ஏன் என்று அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

லிகாயாவின் புருஷன் நெஸ்தோர் தன் மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும், கிழவி அழ ஆரம்பித்தாள்.

"உன் பொண்டாட்டி... என் சாவுக்கு நாள் குறிக்கிறாடா!"

"லிகாயா, நீ வீட்டுக்குக் கிளம்பு."

"நான் போக மாட்டேங்க."

"அம்மா உன்னைப் பாத்தாலே பதறுறாங்க. பைய எடு!"

"டாக்டர் வரட்டும். அவர் ஒரு நிமிஷம் எண்ணட்டும். இருபதுன்னு சொல்லிட்டா, உங்க வீட்டு வாசப்படியையே நான் மிதிக்கல. போதுமா?"

நெஸ்தோர் ஓரடி பின்வாங்கினான். கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

எட்டு மணிக்கு டாக்டர் இபான்யெஸ் வந்தார். தாளைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று அடுத்த கட்டிலுக்குத் திரும்பியவரின் வழியில் லிகாயா போய் நின்று, கிழவியின் காதில் விழாதபடி சொன்னாள்.

"டாக்டர், தாளப் பாக்காதீங்க. அவங்களப் பாருங்க. நாடி பாக்குற மாதிரி கையப் புடிச்சுக்கிட்டு... ஒரே ஒரு நிமிஷம்!"

"நர்ஸ் எழுதினது பொய்யாம்மா?"

"ஒரு நிமிஷம் டாக்டர்!"

அவர் எரிச்சலோடுதான் கிழவியின் கையைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பாதி நிமிஷத்திலேயே முகம் மாறியது.

"முப்பத்தாறு! ஆக்ஸிஜன் கொண்டாங்க... சீக்கிரம்!" தாளை மறுபடி எடுத்தார். பக்கத்துக் கட்டில் தாளையும் எடுத்தார். "எட்டுப் பேருக்கும் ஒரே மூச்சா? யார் எழுதினது?"

லிகாயா ரொவேனாவின் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் அறைக்கு ஓடினாள்.

காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியிருந்தது. சாயங்காலம்வரை விட்டிருந்தால் பாதிரியாரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நாலாம் நாள், மூக்கில் குழாயோடு கிழவி கண் விழித்திருந்தாள். ரொவேனா கட்டில் காலடியில் மண்டியிட்டாள். சீருடை இல்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அம்மா... நான் எண்ணவே இல்லம்மா. உன்னோடதக்கூட எண்ணல!" என்று கதறினாள். "இன்னொண்ணும் இருக்கு. அப்பா கை கால் விழுந்து கிடந்தப்ப, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி படிப்ப விட்டுட்டு வரணும்னு சொன்னியே... அண்ணிக்குப் படிப்பு வராம இல்ல. வகுப்புல அவங்கதான் முதல். எனக்காக விட்டாங்க. சொல்லாதேன்னாங்க. நானும்... சொல்லாமலே இருந்துட்டேன்!"

 கிழவி மருமகள் பக்கம் திரும்பினாள்.

"பதினஞ்சு வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தியேடி அழுத்தக்காரி! முட்டாள், ஓடுகாலின்னு நான் திட்டினதையெல்லாம் கேட்டுக்கிட்டு... என்னைப் பாவியாக்கணும்னே இருந்தியா?"

லிகாயாவின் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அழாத. எரிச்சலா இருக்கு." கிழவி போர்வைக்குள்ளிருந்து மெலிந்த கையை வெளியே எடுத்து நீட்டினாள். "இந்தா. எண்ணித் தொலை."

"இப்ப எண்ணினா சரியா வராது அத்தை. எண்ணுறது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே..."

"தப்பா வந்தா வரட்டும்டி. கையப் புடி."