கராம்பு வாசத்துக்குப் புது முகப்பு

முனவ்வரா எழுதாத ஒரு வரி திரையில் இருந்தது.

'பொலொஸ் கறிக்கு உப்பைக் கடைசியில் போடுங்கள். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.'

அவளுடைய பிஞ்சுப் பலாக்காய்க் கறிக் குறிப்புக்கு நடுவே, அவள் தேர்ந்தெடுத்த புது எழுத்துருவிலேயே, முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பழைய பதிவிலிருந்து தவறி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்து அழித்துவிட்டாள்.

'கராம்பு வாசம்' என்ற அந்த வலைப்பூ அவளுடையதல்ல. அவளுடைய கணவர் ஜிப்ரியின் முதல் மனைவி றஸ்மியா மௌத்தாகும்வரை எழுதிவந்தது. சமையல், தோட்டம், வீட்டு விசேஷம், புருஷனின் தும்மல்கூட அதில் உண்டு. யட்டவத்தையில் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து முனவ்வரா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கடையைப் பூட்டிவிட்டு வந்ததும், பிளேன்டீ ஆறுவதுகூடத் தெரியாமல் ஜிப்ரி போனில் அதைத்தான் திறப்பார். வாசிக்க வாசிக்க உதடு அசையும். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாலும் நிமிர மாட்டார்.

ஒருநாள் அவரே கேட்டார்.

"போன்ல எழுத்தெல்லாம் உடைஞ்சு வருது. நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்கதானே, கொஞ்சம் அழகா மாத்தித் தாங்களேன்."

சரி என்றாள். அன்றைக்கே மனதுக்குள் திட்டம் போட்டும் விட்டாள். முகப்பிலிருக்கும் றஸ்மியாவின் படம் போக வேண்டும். பழைய பதிவுகள் யாரும் தேடிப்போகாத ஒரு மூலைக்குப் போக வேண்டும். மேலே தன் குறிப்புகள், தன் பெயர். செத்தவள்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் வயிறு எரிந்தது. உயிரோடிருப்பவள் என்றால் என்றைக்காவது கோபப்படுவாள், கிழவியாவாள், கறியைக் கருகவிடுவாள். இவள் ஒன்றும் செய்ய மாட்டாள். அப்படியே இருப்பாள்.

அழித்த வரி மறுநாள் திரும்பி வந்தது. அதன் கீழே இன்னொன்றும் சேர்ந்திருந்தது, கொச்சி மிளகாயை வறுக்கவே கூடாதென்று. முனவ்வரா மடிக்கணினியைச் சட்டென்று மூடினாள். ஆனாலும் ஒரு வீம்பு. அதில் சொன்னபடியே பொலொஸ் கறி சமைத்து வைத்தாள். ஜிப்ரி முதல் வாய் வைத்ததும் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது அவட கை," என்றார்.

முனவ்வரா குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது ஓடும் சத்தத்தில் அழுதாள்.

அடுத்த நாள் ஜிப்ரி சாமான் எடுக்க மாத்தளைக்குப் போயிருந்தார். அஸர் தொழுது முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய இரைச்சலில் வீடே ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியதுபோல் இருண்டது. முனவ்வரா மடிக்கணினியை விரித்தாள். புது முகப்பும் வேண்டாம், மூலையும் வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துவிடுவது. கேட்டால், மாற்றும்போது ஏதோ பிழையாகி அழிந்துபோய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் பதிவை அழித்தாள். மழைக்குள்ளிருந்து வேறொரு சத்தம் பிரிந்து கேட்டது. குசினியில், திருவலையில் யாரோ தேங்காய் துருவுவதுபோல, அவசரமில்லாமல், ஒரே சீராய். பூனையாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்ததை அழித்தாள். அடுப்பில் சட்டி வைக்கும் ஓசை கேட்டது. அடுத்தது. கராம்பு வாசம் குசினித் திரைச்சீலையைத் தாண்டி வந்தது, அதற்கு அடியில் புதிதாகத் தோண்டிய ஈரமண்ணின் வாசமும். அடுத்தது. தாளிக்கும் சத்தம். எழுந்து போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. விரல் மட்டும் நிற்கவில்லை. அழித்தாள். இன்னொன்று. இன்னொன்று.

கடைசிப் பதிவும் போனது.

திரை வெறுமையாக இருந்தது. குசினியில் சத்தம் நின்றது.

மழையும் ஓய்ந்திருந்தது.

அவள் மூச்சு விட்டாள். ஜெயித்துவிட்டதாகத்தான் முதலில் தோன்றியது. பிறகு, பின்வாசலில் ஜிப்ரியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. குசினியின் பின்கதவு திறந்தது. நாற்காலி இழுபட்டது. அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு சிரித்தார்.

கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் கேட்டிராத சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து, கூச்சமில்லாமல்.

பயத்தில் உறைந்திருந்தவளை அந்தச் சிரிப்புத்தான் எழுப்பியது. யாரிடம் சிரிக்கிறார்? என்னிடம் சிரிக்காத சிரிப்பு. எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

மேசையில் சோறு ஆவி பறந்தது. ஜிப்ரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், இவளுக்கு முதுகு காட்டி, தலையோடு வெள்ளைத் துணி சுற்றிய ஒருத்தி. துணி ஈரம். செம்மண் கறை.

ஒரு கை வெளியே வந்தது. நகக்கண்ணெல்லாம் மண். அது சோற்றைப் பிசைந்தபோது மணிக்கட்டிலிருந்து மண் உதிர்ந்து சோற்றில் விழுந்தது. ஊட்டியது. ஜிப்ரி வாய் திறந்து வாங்கினார். பல்லில் மண் நெறுநெறுத்தது. ரசித்து மென்றார்.

முனவ்வரா கத்த வாயைத் திறந்தாள்.

"சத்தம் போடாதீங்க," என்றார் ஜிப்ரி, திரும்பாமலே. "இனி அவவுக்குப் போக வேற எடமில்ல."

அந்தக் கை இன்னொரு கவளம் உருட்டியது. நிதானமாக. முகம் திரும்பவில்லை. கை மட்டும் தோளுக்கு மேலாகப் பின்னால் வளைந்து, நீண்டு, முனவ்வராவின் வாய்க்கு நேரே வந்து நின்றது.