இல்லாத வாசற்படி

தொழுவத்து வாசலில் படி கிடையாது. வழவழவென்று சிமெண்டுத் தரைதான். அந்த இடத்தில் பசு சிவப்பி எதையோ தாண்டுவதுபோல முன்னங்காலை உயரத் தூக்கி அப்படியே நின்றது. பால் பாத்திரங்களின் புளித்த வாடை, சாணத்தின் சூடு, கூரைத் தகடு வெயிலில் விரிந்து சடசடக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவே, பிறந்ததிலிருந்து நடந்த வழியை அது புதிதாகப் பார்ப்பதைப் பால்காரர் கவனித்தார்.

"உங்கள மாதிரிதான்," என்றாள் மனைவி. "வேலைன்னா கால் எழும்பாது."

சிரித்து வைத்தார். மூன்றாம் நாள் சிவப்பி விழுந்தது. அடுத்த வாரம் இன்னொரு மாடு அதே இடத்தில் காலைத் தூக்கியது.

கால்நடை டாக்டர் மாடுகளை மொத்தமாக ஏற்றி அனுப்பிவிட்டு, விசாரணை முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாதென்று கேட்டைப் பூட்டச் சொன்னார்.

"தீவனத்துல எலும்புத்தூள் கலந்தீங்களா?"

"ஆமா சார். நாலு வருஷம் முன்ன ஒரு மாடு விழுந்து செத்துது. வீணாப் போகுதேன்னு எலும்பக் காயவெச்சு அரைச்சேன்."

"அதோட நோய மத்ததுக்கு நீங்களே ஊட்டியிருக்கீங்க. மூளையில உக்காந்துக்கும். வேகவெச்சாலும் போகாது. வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். மருந்தும் இல்ல." டாக்டர் நிமிர்ந்தார். "அது தலைய என்ன பண்ணீங்க?"

மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

"புதைச்சிட்டேன்."

புதைக்கவில்லை. அப்போது காய்ச்சலில் மெலிந்து கிடந்த மனைவிக்கு உடம்பு தேறட்டும் என்று அந்த மாட்டின் மூளையை மிளகு தூக்கலாகச் சமைத்துப் போட்டவர் அவர்தான். "உங்களுக்கு?" என்று கேட்டாள். "எனக்குப் பிடிக்காது," என்று தன் பங்கையும் அவள் தட்டில் தள்ளியிருந்தார்.

கேட்டில் பூட்டு. காலித் தொழுவத்தில் சுண்ணாம்புத்தூள் நெடி. வீட்டில் இரண்டே பேர். அவள் உப்பைக் கூட்டிப் போட்டால் பயம். சாவியை மறந்தால் பயம். தூக்கத்தில் அவள் கை துள்ளினால், விடியும்வரை அதைப் பிடித்தபடியே கிடப்பார்.

ஒரு மத்தியானம் டீயோடு வந்தாள்.

அடுக்களை வாசலில் நின்றாள்.

அங்கேயும் வெறும் தரைதான்.

"வா," என்றார். கையை நீட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். "இங்க எப்பங்க படி கட்டுனீங்க?"

காலை உயரத் தூக்கினாள்.

டீ தளும்பியது. தூக்கிய கால் இறங்கவில்லை.