சிவப்புக் கோட்டுக்குள் ஒருவர்

மேடையின் ஓரத்தில் நின்ற தவமணி கேமராவை அசைக்கவே இல்லை, அதன் திரையில் கோடுதான் நகர்ந்தது. மணப்பெண் நறுமுகையின் முகத்தைச் சுற்றியிருந்த சிவப்புக் கோடு மெல்லக் கழன்று, மூன்றாவது வரிசையில் கட்டம் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆளைச் சுற்றிக்கொண்டு நின்றது.

கேமராவின் தலையில் பொருத்திய கையகலத் திரைக்கு வருநோக்கி என்று பெயர். கோடிக்கணக்கான கல்யாண வீடியோக்களை மக்கள் எங்கே நிறுத்தினார்கள், எங்கே திருப்பிப் போட்டார்கள் என்று படித்துத் தேறிய திரை அது. இன்றைய காட்சியில் எதைப் பிற்பாடு நிறுத்திப் பார்ப்பார்களோ, அதைச் சுற்றி இப்போதே கோடு போட்டுவிடும். அது வந்த பிறகு விருதுநகரில் எந்த வீடியோக்காரரும் சொந்த மூளையைச் செலவழிப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு ரசம் ஊற்றுகிறவரைச் சுற்றியது. ஆறே மாதத்தில் அவர் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

மேடையில் வேலை எதுவும் இல்லாத மாப்பிள்ளையின் தாய்மாமன் சுந்தரவேல், தவமணியின் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும்மா அது?”

“தெரியலைங்க. சில நேரம் அப்படித்தான் போகும்.”

“சும்மா போகுமா? இது தப்பே பண்ணாதுன்னு நீதானே சொன்ன?”

சொன்னவள் அவள்தான். அவர் நேரே போய் மாப்பிள்ளை கிருபாகரின் காதைக் கடித்தார். கிருபாகர் நறுமுகையிடம் கேட்டான். அவள் நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்தாள். திரையில் கோடு இன்னும் கொஞ்சம் தடித்தது. மேளம் நின்றது. முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோடு விரல் பருமனுக்கு ஆகிவிட்டது.

அந்த ஆளை மேடைக்கே கூட்டிவந்துவிட்டார்கள். பயத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“நான் மாடியில நடக்குற கல்யாணத்துக்கு வந்தேங்க. கீழயும் வாழைமரம் கட்டியிருந்துச்சா, உள்ள வந்துட்டேன். டிபன் சாப்பிட்ட பிறகுதான் மண்டபம் மாறிடுச்சுன்னு தெரிஞ்சுது. சாப்பிட்ட உடனே எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காதேன்னு உக்காந்திருந்தேன்.”

மாடிக் கல்யாணத்தின் பத்திரிகையையும் எடுத்து நீட்டினார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

“மாடிக்கு வந்தவரை இது ஏன் காட்டணும்?” என்றான் கிருபாகர்.

“எனக்கு இவரைத் தெரியாது,” என்றாள் நறுமுகை. “என்னை நம்புறீங்களா, அதை நம்புறீங்களா?”

அவன் பதில் சொல்வதற்கு முன் அவன் கண் ஒருமுறை திரைப் பக்கம் போய் வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். முகூர்த்தம் முடிய இருபது நிமிஷம் இருந்தது.

அன்றிலிருந்து தவமணிக்குத் தலை சுற்றியது. கோடு போட்டதால் கலாட்டா வந்ததா, கலாட்டா வரப்போகிறது என்பதால் கோடு போட்டதா? அது சும்மா இருந்திருந்தால் அந்த மனிதரை யார் சீண்டியிருப்பார்கள்? எந்தப் பக்கம் யோசித்தாலும் ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றாள். ஒரு பெண்ணின் கல்யாணம் தன் கேமராவால் நின்றுபோனதே என்று சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் நறுமுகையின் அப்பா ரத்தினசபாபதி ஸ்டுடியோவுக்கு வந்தார். “என் பொண்ணு செஞ்சதுதான் சரி” என்று அன்றைக்கு மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொன்ன மனிதர்.

“அந்த இடத்தைக் கொஞ்சம் போடுங்க.”

போட்டாள். கட்டம் போட்ட சட்டை வந்ததும் அவரே கையை நீட்டி நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார்.

“பாவம், யாரோ எவரோ,” என்றாள் தவமணி.

“ஆமாமா. என் பொண்ணு மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு.” நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “தெரியாமத்தான் கேக்குறேன், இவன் யாரு?”