பந்தயத்துக்குப் புறப்பட்ட நத்தை

“வண்டி இழுக்கலை அக்கா!”

“நீ மிதிக்கலைன்னு சொல்லு!”

“மிதிச்சேன்! தரையில ஓட்டை விழற மாதிரி மிதிச்சேன்!”

“மிதிச்சா ஓடணும். ஓடலைன்னா மிதிக்கலைன்னுதானே—”

“இன்ஜினுக்கு வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கயேன்!”

“இன்ஜினைச் சொல்லாதே! உன் காலைச் சொல்லு!”

காரின் இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. ஓட்டுகிற பக்கத்திலிருந்து அப்பா இறங்கினார். மறுபக்கத்திலிருந்து அத்தை இறங்கினார். இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. இரண்டு பேர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்துவது போல இருந்தது.

மைதானத்தின் ஓரத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நட்டு சொன்னாள்: “ரெண்டு பேரும் மூடியைக் கழட்டிட்டுச் சண்டை போடுங்க. பாதிதான் கேக்குது!”

நட்டுவுக்குப் பத்து வயது. தவழ்கிற வயதில் அப்பாவின் கடையில் கிடந்த ஒரு நட்டை வாயில் போட்டுக்கொண்டு வீட்டையே ஓடவிட்டவள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. அப்பா கார்களுக்கு சீட் உறை தைக்கிறவர். அத்தை அவருடைய அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவருடைய மாணவர்கள். முதல் மாணவர் அப்பாதான்.

அத்தனை பேரும் கற்றுக்கொண்டது இந்த வெள்ளைக் காரில்தான். இடிபடாத மூலை அதில் ஒன்று கூட இல்லை. வேகமாகப் போன நாளும் இல்லை. ‘அத்தை வண்டி நத்தை வண்டி’ என்று தெருப் பிள்ளைகள் பாடிப் பாடி, காருக்கு நத்தை என்றே பெயர் விழுந்துவிட்டது.

இப்போது அத்தைக்குப் புது வண்டி வந்துவிட்டது. நத்தையை எடுத்துப்போகப் பழைய இரும்புக் கடைக்காரர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மூடிய ஆலையின் பின்பக்க மைதானத்தில் ஒரு பந்தயம் என்று அறிவிப்பு வந்தது. விலையுயர்ந்த பந்தயக் கார்களுக்கு அங்கே இடமில்லை. வீட்டில் ஓடிக் களைத்த பழைய கார்கள் மட்டும்தான். ஒருவர் ஓட்ட வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படி என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை தகுதிச் சுற்று. குறித்த நேரத்துக்குள் மைதானத்தை ஒரு முறை சுற்றி வர வேண்டும். அதில் தேறினால்தான் ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

“தேறிட்டா நத்தையைக் கொடுக்க மாட்டேன். பந்தய வண்டியா வெச்சுக்குவேன்” என்று அத்தை சொல்லியிருந்தார். “தேறலைன்னா?” என்று நட்டு கேட்டபோது, அத்தை காரின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

*

அன்று மாலை, கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வேலை தொடங்கியது.

“எடையைக் குறைக்கணும். எடை குறைஞ்சா வண்டி துள்ளும்” என்றார் அப்பா.

கூரை மேலிருந்த ‘பயிற்சி வண்டி’ பலகை போனது. தரை விரிப்பு போனது. ரேடியோ போனது. கடைசியில் பின் சீட்டைக் கழற்ற வேண்டி வந்தபோது, அப்பாவின் முகம் வாடிவிட்டது.

“இது என் கையால தைச்ச உறை. இந்த ஓரத்தைப் பாரு. ஒரு தையலாவது கோணலா இருக்கா?”

“பந்தயத்துல பின் சீட்டுல யாருடா உக்காரப் போறாங்க? எடுடா!” என்றார் அத்தை.

கழற்றியவையெல்லாம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. பின் சீட்டு கூடத்தில் சோபா ஆனது. மருந்துக் கடை வேலை முடிந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பாதிக் கார் இங்கதான் இருக்கு. பேசாம வீட்டையே பந்தயத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிடுங்களேன்.”

மறுநாள் பயிற்சி. நத்தை துள்ளவில்லை. முதல் நாள் எவ்வளவு நேரம் ஆனதோ, அதே நேரம்தான் ஆனது.

இந்த முறை இருவரும் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“நட்டு, இன்ஜின் சரியில்லைன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு.”

“நட்டு, உங்க அப்பனுக்குப் பயம்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு முழம்தான் இருக்கு. இதுக்கு ஒரு தபால்காரியா?” என்றாள் நட்டு.

ஆனால் அவள் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. நத்தை நேர்ப்பாதையில் போனபோது அவள் அதன் பின்பக்கத்தைப் பார்த்திருந்தாள். வளைவு இன்னும் தூரத்தில் இருந்தது. அதற்குள் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

“அப்பா, நேர்ப்பாதையில பிரேக் போட்டீங்களா?”

“நேர்ப்பாதையில யாராவது பிரேக் போடுவாங்களா? நல்லா கேட்டே போ.”

அப்பா பொய் சொல்ல மாட்டார். அப்படியென்றால் விளக்கை எரிய வைத்தது யார்?

*

நட்டு தனியாகக் கொட்டகைக்குப் போனாள். அப்பாவைக் கேட்டு வாங்கிய சாவியால் கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். பின்னாலிருந்த சுவர் சிவந்தது. காலை எடுத்தாள். சிவப்பு போய்விட்டது. விளக்கில் ஒரு கோளாறும் இல்லை.

பிறகு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். ஏதோ தட்டுப்பட்டது.

இன்னொரு பிரேக்!

அது பயிற்சி வண்டி அல்லவா? புதிதாக ஓட்டுகிறவர்கள் தடுமாறினால், பக்கத்தில் இருக்கிற அத்தை மிதித்து நிறுத்துவதற்காக வைத்தது. எத்தனையோ வருடங்களாக அங்கேயே இருப்பதால், பந்தயத்துக்கு அதைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

நட்டு குனிந்து பார்த்தாள். ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக்கின் ரப்பரில் வரிகள் இன்னும் தெரிந்தன. அத்தை பக்கத்து ரப்பர், கரைந்த சோப்புத் துண்டு போல வழவழவென்று இருந்தது.

அன்று மாலை அத்தை கூடத்தில், அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். அம்மா கைநிறையத் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து வேகமாகத் திரும்பினார். கதவில் இடிப்பது போல வந்தார்.

அத்தையின் கால் சட்டென்று தரையை அழுத்தியது!

அம்மா இடிக்காமல் போய்விட்டார். அத்தையின் கால் மெல்லத் தளர்ந்தது. அத்தை பேச்சை நிறுத்தவே இல்லை. தன் கால் செய்தது அவருக்கே தெரியவில்லை.

‘அப்பாகிட்ட சொன்னா, பார்த்தியா பார்த்தியான்னு ஊரைக் கூட்டுவாங்க’ என்று நட்டு நினைத்தாள். ‘அத்தைகிட்ட சும்மா சொன்னா, நானா, என் காலான்னு சண்டைக்கு வருவாங்க.’

இரவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துணி வெட்டும் மேசையில், கோடு போடுகிற நீலச் சாக்கட்டி கிடந்தது.

*

வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி. புறப்படும் முன் நட்டு காருக்குள் தலையை நுழைத்து, அத்தை பக்கத்துப் பெடலில் சாக்கட்டியை நன்றாகத் தேய்த்தாள்.

நத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. அதே நேரம்தான்.

“அத்தை, கொஞ்சம் இப்படி வாங்களேன்” என்று நட்டு அவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனாள். “உங்க வலது கால் ஷூவைத் திருப்பிப் பாருங்க.”

அத்தை குழாயைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். அடியில் பளிச்சென்று நீலம்.

“இது என்னடி?”

“உங்க பக்கத்துப் பிரேக்குல நான்தான் தடவி வெச்சேன்.”

அத்தை விரலால் அந்த நீலத்தைத் தேய்த்துப் பார்த்தார். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தெரியாம பட்டிருக்கும்” என்றார். பிறகு அவரே, “தெரியாமத்தான் பட்டிருக்கு. சுத்துக்குச் சுத்து பட்டிருக்கு” என்றார். “உங்க அப்பனுக்குத் தெரியுமா?”

“இல்லை அத்தை.”

“ஏன் சொல்லலை?”

“உங்க கால். நீங்கதானே சொல்லணும்?”

அத்தை ஷூவைக் கழுவவில்லை. நீலத்தோடு நேராகக் காரை நோக்கி நடந்தார்.

“தம்பி.”

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “நட்டு, உங்க அத்தை என்கிட்டயா பேசறாங்க?”

“உன்கிட்டத்தான்டா. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. உன் காலும் நல்லாத்தான் இருக்கு. இதோ இதுதான் சரியில்லை.” அத்தை காலைத் தூக்கிக் காட்டினார். “நீ வேகமா போனப்பல்லாம் நான் பிரேக் போட்டிருக்கேன். எனக்கே தெரியலை.”

அப்பா அத்தையின் ஷூவைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். பெரிய சிரிப்பு ஒன்று அவர் வாய்வரை வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

“அக்கா, நான் முதல்முதலா ஓட்டின அன்னிக்கு அந்தப் பால்காரர் சைக்கிள் ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? கண்ணை மூடிக்கிட்டுல்ல ஓட்டினே!”

“அன்னிக்கு உன் கால் மட்டும் இல்லேன்னா, நான் அதுக்கப்புறம் வண்டியையே தொட்டிருக்க மாட்டேன்.”

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “அது சரி. நாளைக்கு வேற யாரையாவது பக்கத்துல வெச்சுக்கோ. பெடலைக் கழட்டினாலும் என் கால் அதைத் தேடும். நான் பயந்து கத்துவேன். நீ தடுமாறுவே.”

“வேற யாரு அக்கா? ஒவ்வொரு வளைவும் உனக்குத்தானே மனப்பாடம்?”

இருவரும் காரில் சாய்ந்து நின்றார்கள். நத்தையும் நின்றது. திங்கட்கிழமை ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது.

நட்டுதான் கேட்டாள். “அத்தை, நீங்க கடைசியா எப்போ வண்டி ஓட்டினீங்க?”

“என்ன கேள்வி இது? தினம்தானே வண்டியில இருக்கேன்!”

“வண்டியில இருக்கீங்க. ஓட்டினது எப்போ?”

அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். காலையில் முதல் மாணவர் வந்து அவரை வீட்டிலிருந்து அழைத்துப் போவார். மாலையில் கடைசி மாணவர் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விடுவார். நடுவில் எல்லாம் மற்றவர்கள் ஓட்ட, அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

“அட, ஆமாம்டி!” என்றார் அத்தை மெதுவாக.

“உங்க கால் பிரேக்கைத் தேடுதுல்ல? அப்படின்னா பிரேக் இருக்கிற பக்கமே உக்காந்துடுங்களேன். நீங்க ஓட்டுங்க. அப்பா வளைவைச் சொல்லட்டும்.”

“நானா? பந்தயத்துலயா? நான் சொல்லிக்கொடுக்கறவ.”

“சொல்லிக்கொடுக்கறவங்களுக்கு ஓட்டத் தெரியாதா அத்தை?”

அத்தை அப்பா பக்கம் திரும்பினார். “டேய், நீ என் பக்கத்துல உக்காருவியா?”

“உக்காருவேன்” என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, “ஆனா நிதானமா ஓட்டணும்” என்றார்.

“பந்தயத்துலடா?”

“சும்மா சொல்லி வெச்சேன் அக்கா.”

நட்டு ஸ்பேனரை நீட்டினாள். இரண்டாவது பிரேக்கை அத்தையே படுத்துக்கொண்டு கழற்றினார். அன்று பொழுது சாயும்வரை, வெறும் மைதானத்தில் நத்தை சுற்றிச் சுற்றி வந்தது. முதலில் மெதுவாக. பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை.

*

சனிக்கிழமை. கயிற்றுக்குப் பின்னால் கூட்டம். பாதிப் பேர் அத்தையின் பழைய மாணவர்கள். நேரம் பார்க்கிற விசில்காரர் கையில் கடிகாரத்தோடு நின்றார். அம்மா நட்டுவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்தது என்றால் இரும்புப் பிடி.

“அம்மா, வலிக்குது.”

“பேசாம இருடி. எனக்குப் பயமா இருக்கு.”

விசில் ஒலித்தது. நத்தை புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது.

நட்டு பின் விளக்கை மட்டுமே பார்த்தாள். நேர்ப்பாதை முழுவதும் அது எரியவே இல்லை. வளைவுக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு முறை சிவந்தது. உடனே அணைந்தது. வளைவில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பை உரசுவது போலப் போய், உரசாமல் திரும்பியது நத்தை. அடுத்த வளைவிலும் அப்படியே. எங்கே மிதிக்க வேண்டும், எங்கே மிதிக்கக் கூடாது என்று அந்தக் காலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நத்தைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. முதல் வளைவில் கம்பீரமாக இருந்தது. கடைசி வளைவில் கொக்கு கத்துவது போல இருந்தது.

நத்தை கோட்டைத் தாண்டி நின்றது. விசில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“தேறியாச்சு! நல்லாவே தேறியாச்சு!”

நட்டு கயிற்றுக்குள் நுழைந்து ஓடினாள். பின்னாலேயே அம்மாவும் ஓடினார். பழைய மாணவர்கள் விசிலடித்தார்கள். கூட்டத்தில் நின்றிருந்த இரும்புக் கடைக்காரர் கூடக் கை தட்டினார்.

அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். தலைமுடி நாலாபுறமும் பறந்தது. முகமெல்லாம் புழுதி. புழுதிக்கு நடுவில் சிரிப்பு.

அவர் அப்பாவின் தோளைத் தட்டிக் கேட்டார்:

“தம்பி, இன்னொரு சுத்து போயிட்டு வரலாமா?”