நீர்நாயின் கழுத்தில் ஒரு கோடு

ஊசிக்கு உண்மையான பெயர் வேறு. ஆள் ஒல்லி, கண் கூர்மை என்பதால் மாமா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். அது ஒட்டிக்கொண்டது. வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் அவளுக்குத் தன் சொந்தப் பெயர் ஞாபகம் வரும்.

மாமா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லோர் தலையையும் அழகாக்கும் அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அதனால் எப்போதும் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா ஒன்றைப் போட்டிருப்பார்.

கடைக்குப் பின்னால் ஆறு ஓடியது. பள்ளி விட்டதும் ஊசி அங்கே வந்துவிடுவாள். கூட்டம் குறைந்த பிறகு இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து கொக்கு, மீன்கொத்தி என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று எதிர்க்கரைப் பாறையில் ஒரு நீர்நாய் ஏறியது. வாயில் மீன். அதை விழுங்கப் பார்த்தது. முடியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் உதறியது. கடைசியில் மீனைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு, கழுத்தைப் பாறையில் தேய்த்தது.

"மாமா, அது கழுத்துல ஏதோ கோடு மாதிரி இருக்கு," என்றாள் ஊசி.

"அதோட நிறமே அப்படி இருக்கும்."

"நேத்தும் இப்படித்தான் மீனைத் துப்புச்சு. நிறம் இருந்தா மீன் தொண்டையில இறங்காதா?"

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். பெரிதாக்கிப் பார்த்தார்கள். சாம்பல் பாறைமேல் பழுப்பாக ஒரு கறை.

"இது நீர்நாயா, நனைஞ்ச செருப்பா?" என்றார் மாமா.

ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாலை விலங்கு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் ஒரு முயலின் பல்லைப் பார்த்துக்கொண்டே அவர்கள் சொன்னதைக் கேட்டார். பிறகு கைப்பேசிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியலையேம்மா," என்றார். "அது பழைய காயத்தோட தழும்பா இருந்தா நாம தொந்தரவு பண்ணக் கூடாது. காட்டு விலங்கைக் கூண்டு வெச்சுப் பிடிச்சா அது ரொம்பப் பயந்துடும். ஆனா ஏதாவது மாட்டி இறுக்கிட்டு இருந்தா, பிடிச்சே ஆகணும். கழுத்து தெளிவா தெரியற மாதிரி ஒரு படம் கொண்டு வாங்க."

"கிட்டப் போய் எடுக்கலாமா?"

"போனா அந்த இடத்தையே விட்டுப் போயிடும். பளிச்சுனு ஃப்ளாஷும் போடாதீங்க. தூரத்துல இருந்துதான் எடுக்கணும். இன்னொண்ணு, இந்த வாரக் கடைசியில நான் வெளியூர் போறேன். அதுக்குள்ள வேணும்."

வெளியே வந்ததும் மாமா குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "எப்படியும் கேமரா வாங்கணும்னு ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். முடி வெட்ட வர்றவங்க எல்லாம், கேமரா எங்கேப்பானு கேலி பண்றாங்க. இன்னிக்கே வாங்கிடுவோம்."

பழைய கேமராக்களை விற்கும் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நீளமான, குறுகலான கடை. கண்ணாடி அலமாரிகளில் கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைக்கார அக்கா மென்மையான துணியால் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை: 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.'

ஊசி அதை இரண்டு தடவை படித்தாள். தப்பானதை வாங்கிவிட்டால்? மாமாவின் காசும் போகும், நீர்நாயும் போகும்.

மாமாவுக்கு அப்படி ஒரு கவலையும் இல்லை. ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துக்கொண்டே போனவர் ஒன்றின் முன்னால் நின்றார்.

"அறுபத்து நாலு மெகாபிக்சல். இதுக்கு மேல எதுவும் இல்லை. இதையே கட்டிக் குடுங்க."

"என்ன எடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நீர்நாய்," என்றாள் ஊசி. "சாயங்காலம்தான் வரும். ரொம்பத் தூரத்துல இருக்கும். கழுத்துல மெல்லிசா ஒரு கோடு. அது என்னன்னு தெரியணும்."

அக்கா துடைப்பதை நிறுத்தினாள். "அப்ப கொஞ்சம் யோசிச்சு வாங்குங்க."

"யோசிக்க என்ன இருக்கு? பெரிய எண், பெரிய கேமரா," என்றார் மாமா.

ஊசி கடையைச் சுற்றிப் பார்த்தாள். மேலே வெள்ளை விளக்குகள் கண்ணைக் கூசச் செய்தன. இந்த வெளிச்சத்தில் எதை எடுத்தாலும் நன்றாகத்தான் வரும். ஆற்றங்கரையில் சாயங்காலம் யார் இப்படி விளக்கு போடப் போகிறார்கள்?

"அக்கா, வெளிச்சம் கம்மியா இருக்கிற இடம் ஏதாவது இருக்கா? எடுத்துப் பார்த்துட்டு வாங்கலாமா?"

"பின்னாடி சாமான் அறை இருக்கு. சின்ன ஜன்னல் ஒண்ணுதான்."

"மாமா, உங்க குல்லாவைக் குடுங்க."

"எதுக்கு?"

"அதுதான் நீர்நாய்."

மாமா தயங்கித் தயங்கிக் குல்லாவைக் கழற்றினார். அவர் சட்டைக் கையில் தொங்கிய வெள்ளை நூல் ஒன்றை ஊசி பிடுங்கினாள். குல்லாவின் நடுவில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சாமான் அறையின் கோடியில் அடுக்கியிருந்த பெட்டிகள் மேல் அதை உட்கார வைத்துவிட்டு, கடையின் வாசல் வரைக்கும் நடந்து வந்தாள். அங்கிருந்து பார்த்தால் இருட்டில் பழுப்பாக ஒரு குவியல் தெரிந்தது. நூல் தெரியவில்லை.

அக்கா மூன்று கேமராக்களை எடுத்து வைத்தாள். மூன்றுமே தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுபவை. ஒன்று மாமாவின் அறுபத்து நாலு. இன்னொன்று இருபது மெகாபிக்சல். கொஞ்சம் கனமானது, நீளமான லென்ஸ் தனியாக மாட்டியிருந்தது. மூன்றாவது ரொம்பப் பழசு. அதில் ஆறுதான்.

மூன்றிலும் ஊசி படம் எடுத்தாள். பின்பக்கத்துச் சின்னத் திரையில் மூன்று குல்லாக்களும் ஒரே மாதிரி இருந்தன.

"பார்த்தியா, ஒரு வித்தியாசமும் இல்லை," என்றார் மாமா, வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே.

"இந்தச் சின்னத் திரையில எல்லாமே அழகாத்தான் தெரியும்," என்ற அக்கா, படங்களைக் கணினியில் போட்டாள். குல்லாவின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கினாள்.

முதலில் ஆறு மெகாபிக்சல் படம். குல்லா கட்டம் கட்டமாக உடைந்தது. நூல் இருந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி ஏதோ தெரிந்தது. நூல் என்றும் சொல்லலாம், அழுக்கு என்றும் சொல்லலாம்.

அடுத்தது அறுபத்து நாலு. மாமா நிமிர்ந்து நின்றார். படம் பெரிதாகப் பெரிதாக, குல்லா முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். மணலை அள்ளித் தூவியது போல இருந்தது. நூலைக் காணவே காணோம்.

"கேமரா கெட்டுப்போச்சா?" என்றார் மாமா.

"இல்லீங்க. நல்ல வெயில்ல எடுத்தா இது அருமையா எடுக்கும்," என்றாள் அக்கா. கடைசியாக இருபது மெகாபிக்சல் படத்தைத் திறந்தாள்.

அதிலும் கொஞ்சம் புள்ளிகள் இருந்தன. ஆனால் குல்லாவின் நடுவே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. ஊசி போட்ட முடிச்சுகூடத் தெரிந்தது.

மாமா திரையை முறைத்தார். "அறுபத்து நாலை விட இருபது எப்படிம்மா பெருசாகும்? நானும் கணக்குப் பாடத்துல பாஸ் பண்ணவன்தான்."

அக்கா கனமான கேமராவின் லென்ஸைக் கழற்றினாள். உள்ளே தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று ஒரு தகடு. "இதுதான் சென்சார். வெளிச்சம் இதுமேலதான் விழும். இதுல கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் நிறைய இருக்கு. ஒவ்வொரு கட்டமும் தன் பங்குக்கு வெளிச்சத்தைப் பிடிக்கும். மெகாபிக்சல்ங்கிறது எத்தனை கட்டம்ங்கிற கணக்கு. அந்தக் கேமராவுல கட்டம் அதிகம்தான். ஆனா அதோட சென்சாரே என் சுண்டுவிரல் நகம் அளவுதான்."

ஊசி குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தாள்.

"எங்க வகுப்புல ஒரே பெஞ்சுல ஆறு பேரை உட்கார வெச்சாங்க," என்றாள் மெதுவாக. "முழங்கை இடிச்சு இடிச்சு எல்லார் எழுத்தும் கோணலாப் போச்சு. இதுவும் அப்படியா?"

"ஏறக்குறைய அப்படித்தான். வெளிச்சம் நிறைய இருந்தா நெருக்கி உட்கார்ந்தாலும் சமாளிச்சுக்கும். இருட்டுல முடியாது."

"அப்ப ஆறு மட்டும் ஏன் சரியா வரலை? அதுல நெருக்கமே இல்லையே."

"அதுல எழுத ஆளே போதலை. தூரத்துல இருக்கிற சின்னப் பொருளைப் பெருசாக்கிப் பார்க்கணும்னா, அதைப் பிடிக்கப் போதுமான கட்டமும் வேணும்."

மாமா குல்லாவைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நூல் இன்னும் அதில் கட்டியிருந்தது. அறுபத்து நாலை ஒரு தடவை ஆசையோடு பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார். "நீ சொல்லு. எது?"

அவள் கனமான கேமராவைத் தொட்டாள். "இருபது," என்றாள்.

அடுத்த நாள் மாலை மாமா கடையின் பின்வாசல் கைப்பிடிச் சுவரில் சவரத் துண்டுகளை மடித்து அடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்தார்கள். காத்திருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போனது. நீர்நாய் வரவில்லை.

அன்றிரவு ஊசிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது வேறு இடத்துக்குப் போயிருக்குமா? மீன் தின்னாமல் எத்தனை நாள் தாங்கும்? அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை," என்றாள்.

அதற்கு மறுநாளும் மேகம். டாக்டர் ஊரில் இருக்கப் போகும் கடைசி நாட்கள். மாமா கடையைச் சீக்கிரமே மூடிவிட்டார். பாதி மீசையோடு காத்திருந்த ஒருவரை, "நாளைக்கு வாங்க, மீதியைப் பார்த்துக்கலாம்," என்று அனுப்பிவிட்டார்.

பாறை ஓரம் தண்ணீர் அசைந்தது.

ஒரு தலை. பிறகு முதுகு. நீர்நாய் ஏறியது. முன்னைவிட மெலிந்திருந்தது.

மாமா கேமராவைப் பிடித்தார். கத்தியை லாவகமாகப் பிடிக்கும் கைக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பிடிபடவில்லை. "நீயே எடு," என்று கிசுகிசுத்தார்.

ஊசி அழுத்தினாள். நீர்நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தது. எல்லாப் படமும் கலங்கலாகத்தான் வரும் என்று அவளுக்கே தெரிந்தது.

"கொஞ்சம் கீழ இறங்கிப் போனா கிட்டத் தெரியும்," என்று மாமா எழுந்தார்.

ஊசி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் மாமா. அதுக்கு ஏற்கெனவே கஷ்டம். நாமளும் பயமுறுத்தணுமா? அது நிக்கற வரைக்கும் இருப்போம்."

மாமா உட்கார்ந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஊசியின் விரல் பொத்தான்மேல் மரத்துப்போனது. இப்போது எடுக்கவா? இல்லை, அசைகிறது. இப்போது? இல்லை.

நீர்நாய் சோர்ந்துபோய்த் தாடையைப் பாறைமேல் சாய்த்தது. அப்படியே இருந்தது.

ஊசி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நீர்நாய் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது.

கடைக்குள் ஓடி, மாமாவின் பழைய கணினியில் படங்களைப் போட்டார்கள். முதல் படங்கள் எல்லாம் கலங்கல். அதற்குப் பிறகு வந்த படத்தைப் பெரிதாக்கும்போது ஊசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊசி," என்றார் மாமா. "பாரும்மா."

கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை. பெட்டிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. முடிக்குள் புதைந்து, சுற்றிலும் தோல் சிவந்திருந்தது.

மாமா கைப்பேசியில் அதை அனுப்பிய உடனே டாக்டர் கூப்பிட்டார். "தழும்பே இல்லை. இறுக்கமா மாட்டியிருக்கு. இப்பவே கூண்டு எடுத்துட்டு வர்றோம். இவ்வளவு தெளிவா எப்படி எடுத்தீங்க?"

"என் மருமக எடுத்தா," என்றார் மாமா. "கேமராவையும் அவதான் தேர்ந்தெடுத்தா." அறுபத்து நாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரும் உதவியாளர் ஒருவரும் அன்றிரவே வந்து, பாறைக்குப் பக்கத்தில் மீன் வைத்த கூண்டை வைத்துவிட்டுப் போனார்கள். விடிந்ததும் ஊசி ஓடி வந்தபோது டாக்டர் படகில் திரும்பிக்கொண்டிருந்தார். கூண்டுமேல் துணி போர்த்தியிருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை.

"உயிரோட இருக்கா?" என்று கேட்டாள் ஊசி. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மயக்க ஊசி போட்டிருக்கேன்," என்றார் டாக்டர். "தூங்குது."

வளைந்த கத்தரிக்கோலால் பட்டையை மெல்ல வெட்டினார். 'டப்' என்ற சத்தத்தோடு அது தெறித்து விழுந்தது. மருந்து தடவினார். பிறகு நீர்நாய் விழித்து, கூண்டுக்குள் நிலையாக நின்று, கோபமாகச் சீறும்வரை எல்லோரும் தள்ளி நின்று காத்திருந்தார்கள்.

கதவைத் திறந்தார்கள். அது வெளியே வந்தது. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தண்ணீரில் நழுவி மறைந்தது. வெகுதூரத்தில் தலை தூக்கியது. வாயில் ஒரு மீன். தலையை உதறவில்லை. ஒரே விழுங்கு.

ஊசி மாமாவின் கையை விட்டாள். அத்தனை நாளும் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த கல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"சத்தம் போடாதீங்க," என்றார் டாக்டர். "சில சமயம் ஒண்ணையொண்ணு கூப்பிடும். கேட்கலாம்."

மூவரும் அசையாமல் நின்றார்கள். ஆறு மெல்லச் சலசலத்தது. அப்போது எங்கிருந்தோ நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீங்களா?" என்றார் மாமா, கண்கள் விரிய. "ரொம்பப் பக்கத்துல."

"அது என் வயிறு மாமா," என்றாள் ஊசி. "பசிக்குது."

அன்று காலை அம்மா தட்டில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, அவள் மாமாவின் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.