தலைமாட்டு சீட்

அந்த ஆம்புலன்ஸில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டிரைவர் அவளிடம் சொல்லிவிட்டார்.

"தலைமாட்டுல இருக்கிற மடக்கு சீட்ல மட்டும் உக்காராதம்மா. பக்கத்துல பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்துக்க."

"ஏண்ணே, உடைஞ்சிருக்கா?"

"உடைஞ்சிருந்தா மாத்தியிருப்பேனே" என்றார்.

ஸ்பிரிங் வைத்த சீட் அது. கையால் இறக்கித்தான் உட்கார வேண்டும். எழுந்தால் டப்பென்று சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை இறக்கிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

பத்தாம் நாள் பிற்பகல், நல்ல மழை. நெஞ்சுவலி என்று ஒரு தையல்காரரை ஏற்றினார்கள். கூட வர ஆள் இல்லை. ஆக்சிஜன் மாட்டிவிட்டு அவள் நாடி பிடித்துக்கொண்டிருந்தபோது, மருந்து நெடியையும் மீறி, காயாத துணியின் வாடை அடித்தது.

க்ரீச்.

தலைமாட்டு சீட் மெல்ல இறங்கியது. இறங்கி, அப்படியே நின்றது.

தையல்காரரின் கண்கள் மேலே செருகி அந்தப் பக்கம் பார்த்தன.

"அந்தம்மா யாரு?" மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் கசிந்தது. "கை ஜில்லுன்னு இருக்கு. நெத்தியிலேர்ந்து எடுக்கச் சொல்லும்மா."

அவள் எட்டி சீட்டை மேலே தள்ளினாள். அசையவில்லை. ஒரு ஆளின் கனம் இருந்தது.

"அண்ணே... சீட் இறங்கிடுச்சு."

சைரன் நின்றது. வண்டியின் வேகமும் குறைந்தது.

"ஏண்ணே மெதுவாப் போறீங்க?"

"அது இறங்கினா யாரும் பொழைச்சதில்லம்மா. இதோட ஆறு பேரு." அவர் குரல் உடைந்தது. "இந்த மழையில வேகமாப் போயி நாமளும் ஏன்..."

விரலுக்கடியில் நாடி நழுவிக்கொண்டிருந்தது.

பயத்துக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எழுந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தச் சீட்டிலேயே போய் உட்கார்ந்தாள்.

ஈரமான, ஜில்லென்ற மடி பட்டது.

பின்கழுத்தில் மூச்சு.

"சரி" என்றது ஒரு குரல், காதோரமாக.

"வண்டிய விரட்டுங்கண்ணே!" என்று அலறினாள்.

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் எழுந்ததும் சீட் டப்பென்று மடங்கியது. அதன்பின் அது தானாக இறங்கவேயில்லை. டிரைவர்கூடத் தைரியமாகப் பின்னால் வந்து போனார்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். எதிரே இருந்த மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"நாலு நாளா கேக்கணும்னு இருந்தேன். நீ உக்காந்தா மட்டும் நாற்காலி ஏம்மா ரெண்டு தடவை முனகுது?"